அந்த மீட்டர் உயிரோடு இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கே தென்னாப்பிரிக்காவில் வேலையிடத்தில் வாயு, சத்தம், தூசி, வெப்பம் அளக்கும் மீட்டர்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே நிறையக் கடிதங்கள் வருகின்றன. ஒரே தடவையில் எடுத்துக்கொள்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நானும் தம்பியும் கழிவுநீர்க் குழி, பம்ப் கிணறு சுத்தம் செய்யும் வேலை எடுத்துச் செய்கிறோம். நாலு வாயு காட்டும் பழைய கேஸ் மீட்டர் ஒன்று 4,000 ராண்டுக்கு வருகிறது. ஆன் பண்ணிப் பார்த்தேன், ஆக்சிஜன் 20.9, மற்ற மூன்றும் பூஜ்யம். நன்றாகத்தானே இருக்கிறது? (மெரிபேங்க்)

பதில்: தம்பி, அந்த மூன்று பூஜ்யங்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சென்சார் செத்துப்போன மீட்டரும் வெளிக்காற்றில் பூஜ்யம்தான் காட்டும், குழிக்குள் இறக்கினாலும் அதே பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார்களுக்குள் இருப்பது ரசாயனம். பயன்படுத்தினாலும் அலமாரியில் கிடந்தாலும் வயதாகும், பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். எரிவாயு சென்சார் வேறு ரகம். பக்கத்தில் யாராவது சிலிகான் ஸ்பிரே அடித்தாலே பாழாகிவிடும், வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது சரியாகவும் காட்டாது, அதனால்தான் எப்போதும் ஆக்சிஜன் எண்ணை முதலில் படிக்கச் சொல்கிறோம்.

ஆகவே விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அளவு தெரிந்த டெஸ்ட் கேஸைச் சின்ன சிலிண்டரிலிருந்து விட்டு, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். இதைத்தான் பம்ப் (bump) டெஸ்ட் என்பார்கள். காட்ட மறுத்தால் பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள். காட்டினாலும் புதுச் சென்சார் என்ன விலை என்று கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். நாலையும் மாற்ற வேண்டி வந்தால் மலிவு மீட்டர் மலிவாக இருக்காது.

மீட்டரை விட்டுவிட்டு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும், வாயு போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவார். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, மீட்டரில் மாட்டிய குழாயை உள்ளே விட்டு மேல், நடு, அடி மூன்றையும் அளந்த பிறகே முழுதாகத் திறவுங்கள். குழாய் நீளமாக இருந்தால் காற்று மீட்டருக்கு வந்துசேரும் வரை பொறுங்கள். பொதுப் பாதுகாப்பு விதிகளின் 5ஆவது விதிப்படி, தகுதியுள்ளவர் காற்றைச் சோதித்து எழுத்தில் கொடுத்த பிறகுதான் யாரும் இப்படிப்பட்ட இடத்துக்குள் இறங்கலாம். அப்புறம், நீங்கள் இருவர்தான். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால் மற்றவர் பின்னால் குதிக்கக் கூடாது. தூக்குகிற கயிறும் உடம்பு முழுக்க மாட்டும் பட்டையும் இல்லையென்றால் முதலில் அவற்றை வாங்குங்கள், மீட்டர் அப்புறம்.

கேள்வி: ஆன்லைனில் அதே மாதிரி நாலு வாயு மீட்டர் 400 ராண்டுக்குக் கிடைக்கிறது. பெயர் போடாத கம்பெனி. வாங்கலாமா? (டோங்காட்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஐயா, மர அலமாரி செய்யும் பட்டறையில் வேலை. முதலாளி கைப்பேசியில் ஒரு ஆப் வைத்துச் சத்தத்தை அளந்து, 83 டெசிபல்தான் வருகிறது, 85க்குக் கீழே, ஒன்றும் ஆகாது என்கிறார். இயர்மஃப் கேட்டதற்கு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். (ஃபீனிக்ஸ்)

பதில்: முதலில் பணத்தைப் பேசுவோம். 1993ஆம் ஆண்டுத் தொழில் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படியுங்கள். தொழிலாளியின் பாதுகாப்புக்காகச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியது எதற்கும் சம்பளத்தில் ஒரு சென்ட்கூடப் பிடிக்கக் கூடாது, உங்களிடம் பணம் வாங்கவும் கூடாது. பிடித்ததைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அதற்காக உங்கள்மேல் பழிவாங்கினால் 26ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது.

அடுத்து அந்த 83. ரம்பம் ஓடும்போது அளந்தாரா, நின்ற பிறகு அளந்தாரா? மேசை ஓரத்திலா, உங்கள் காதுக்குப் பக்கத்திலா? 85 என்பது எட்டு மணி நேர வேலைக்குச் சமப்படுத்திப் பார்க்கிற அளவு. மூன்று டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகும், தாங்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் நாலு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி நேரம். வட்ட ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அரை மணி நேரம் காலை டீக்கு முன்பே தீர்ந்துவிடும்.

கைப்பேசி ஆப் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நயாஷ் நிறுவனம் ஐபோனுக்கென்று இலவசமாக ஒன்று விட்டிருக்கிறது, ஓரளவுக்குச் சரியாகவே காட்டும். சத்தம் அதிகமா என்று சந்தேகம் எழுப்ப அது போதும். சத்தம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லப் போதாது. அதற்குச் சத்த மீட்டருக்கான சர்வதேச ஐஇசி 61672 தரத்தில் வகுப்பு 1 அல்லது 2 மீட்டர் வேண்டும், அளப்பதற்கு முன்பும் பின்பும் அதன் மைக்கில் 94 டெசிபல் ஒலி தரும் காலிப்ரேட்டரை மாட்டிச் சரிபார்க்க வேண்டும். அது உங்கள் செலவும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை. தொழிலாளர் துறை அங்கீகரித்த ஆய்வு அமைப்பை அழைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் 20 பேருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புப் பிரதிநிதி கட்டாயம், அவர் மூலமாகவே கேளுங்கள்.

கேள்வி: சத்தம் அளக்கும் மீட்டர் வாங்கினோம். பெட்டியிலேயே ஃபேக்டரி காலிப்ரேஷன் சான்றிதழ் இருக்கிறது, சானாஸ் (தென்னாப்பிரிக்காவின் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் செலவு என்கிறார் கடைக்காரர். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இந்தச் சான்றிதழ் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் கோபம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்தபோது, டர்பனில் ஒரு கடையில் சத்த மீட்டர் வாங்கினேன். பெட்டிக்குள் பளபளப்பான தாளில் சான்றிதழ், ஓரத்தில் தங்க நிற முத்திரை. பக்கத்துத் தொழிற்சாலை நண்பரும் அதே கடையில் அதே மாடல் வாங்கியிருந்தார். இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். ஒரே தேதி, ஒரே கையெழுத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட ஒரே எண்கள், ஒரே சீரியல் நம்பர். அந்த சீரியல் நம்பர் என் மீட்டரிலும் இல்லை, அவர் மீட்டரிலும் இல்லை. கேட்டதற்கு, எல்லாப் பெட்டியிலும் அதைத்தான் போட்டு அனுப்புகிறார்கள் என்று கடையில் சாதாரணமாகச் சொன்னார்கள். பணம் திரும்பவில்லை. அந்த மீட்டரைப் பிறகு நல்ல காலிப்ரேட்டரில் வைத்துப் பார்த்தபோது நாலு டெசிபல் குறைத்துக் காட்டியது. மேலே மூன்று டெசிபலுக்கு என்ன கணக்குச் சொன்னேன் என்று பாருங்கள். அந்த மீட்டரை நம்பியிருந்தால் மூன்று மணி நேரச் சொச்சத்துக்கு மேல் தாங்காத இடத்தில் எட்டு மணி நேரம் ஆளை நிறுத்தியிருப்போம். கேட்கும் திறன் போனால் திரும்பாது, எந்தக் கடையும் அதற்கு ரீஃபண்ட் தராது.

உண்மையான சான்றிதழில் உங்கள் மீட்டரின் சீரியல் நம்பர் இருக்கும். யார், எந்த நாளில், எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள் என்று இருக்கும். சரிசெய்யும் முன் என்ன காட்டியது, பின் என்ன காட்டியது என்று இரண்டும் எண்ணாக இருக்கும், அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதும் இருக்கும். வெறுமனே ‘பாஸ்’ என்று டிக் அடித்த தாள் சான்றிதழ் ஆகாது. ஆய்வகத்தின் சானாஸ் எண் தாளில் இருந்தால் சானாஸின் வலைத்தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த ஆய்வகத்துக்கு எதை அளக்க அங்கீகாரம் என்பதையும் பாருங்கள். தராசுக்கு அங்கீகாரம் வாங்கியவர் சத்தத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. ‘வீண் செலவு’ என்று சொன்ன கடைக்காரரிடம் அதை எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார். மீட்டரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: இரண்டரை வருடத்துக்கு முன் நல்ல கம்பெனி கேஸ் மீட்டர் வாங்கினேன். பக்கியின் (பிக்கப் வண்டி) டாஷ்போர்டிலேயே வைத்திருப்பேன். ஒருநாளும் டெஸ்ட் பண்ணியதில்லை, இப்போது ஆன் ஆகவில்லை. கடையில் பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா? (ஸ்டாங்கர்)

பதில்: போட முடியாது. டர்பன் வெயிலில் கண்ணாடிக்கு அடியில் வேகவைத்தீர்கள், கையேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கடைக்காரர்மேல் என்ன குற்றம்? அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அது ஆன் ஆகிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் காட்டி யாரையாவது எங்காவது இறக்கினீர்களா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா தங்கைகள் சேர்ந்து கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். மழை வந்தால் கராஜுக்குள் பெரிய பானைகளை கேஸில் ஏற்றுவோம், கரண்ட் போனால் வாசலில் ஜெனரேட்டர் ஓடும். எல்லோருக்கும் தலைவலி. வீட்டில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் போதுமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: அம்மா, அந்தத் தலைவலியை அலாரமாக எடுத்துக்கொண்டு இன்றே ஜெனரேட்டரை வாசலிலிருந்து தள்ளி, காற்று வீட்டுப் பக்கம் வராத இடத்துக்கு மாற்றுங்கள். கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், எதிர்ப்பக்கத்திலும் ஒரு திறப்பு வேண்டும்.

வீட்டு அலாரம் உயிர்போகும் நிலையைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது. ஐரோப்பிய இஎன் 50291 தரப்படி 50 பிபிஎம் இருந்தால் அது ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும், 30 பிபிஎம் இரண்டு மணி நேரம் இருந்தாலும் அடிக்கக் கூடாது என்றே விதி. நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு நயாஷ் சொல்லும் வரம்பு 35. ஆக அலாரம் வாயைத் திறக்காமலே உங்களுக்குத் தலைவலி வரலாம். அலாரமும் இருக்கட்டும், தரமானதாகவே வாங்குங்கள், ஆனால் எண் காட்டுகிற, இடுப்பில் மாட்டுகிற தனி மீட்டர் ஒன்று பானைப் பக்கம் நிற்பவரிடம் இருக்க வேண்டும். நிறம் மாறும் புள்ளி அட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள், அது சத்தமே போடாது.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரி வைத்த அறையில் நெருப்பே இல்லை, ஆனாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கிறது. பழுதா? (வெருலம்)

பதில்: ஈய அமில பேட்டரியாக இருந்தால் பெரும்பாலும் பழுது இல்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அந்தச் சென்சார் ஹைட்ரஜனையும் மோனாக்சைடு என்று எண்ணிக் காட்டும். அலாரத்தைக் கழற்றாதீர்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அறைக்குக் காற்றுவழி வையுங்கள், சார்ஜரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லாண்டரியில் வேலை. சுவர்த் தெர்மாமீட்டர் 31 காட்டுகிறது, அது டர்பனுக்குச் சாதாரணம் என்கிறார் மேனேஜர். மயக்கம் வருகிறது. (இசிபிங்கோ)

பதில்: சுவர்த் தெர்மாமீட்டருக்கு வியர்க்காது. ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை. ஈரத்தையும் சேர்த்து வெப்பத்தை அளக்கும் டபிள்யூபிஜிடி மீட்டர் கேளுங்கள். கூரைக்குள் அளக்கும்போது அதில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 சதவீதமும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு 30 சதவீதமும் மதிப்பு. மயக்கம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள், மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சமையலறைக் கல் மேடை அறுக்கிறோம். தூசிக்காக ஏர் குவாலிட்டி மீட்டர் வாங்கினேன், பச்சை விளக்கு எரிந்தால் மாஸ்க் வேண்டாமா? (லெனேசியா)

பதில்: மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். அந்த மீட்டர் லேசர் ஒளியில் துகள்களை எண்ணுகிறது. துகள் சிலிக்காவா (நுரையீரலைக் கெடுக்கும் கல் தூசி), சமையல் புகையா, நீராவியா என்று அதற்குத் தெரியாது. சிலிக்காவை அளக்க, சட்டைக் காலரில் ஃபில்டரும் இடுப்பில் பம்பும் மாட்டி, ஷிஃப்ட் முழுக்க உறிஞ்சி, ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல்கூடச் சிலிக்கா இருக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தக் கல்லைத் தடையே செய்துவிட்டது. கையில் பணம் இருந்தால் தண்ணீர் ஊற்றி அறுக்கும் இயந்திரத்துக்குப் போடுங்கள்.

கேள்வி: சின்ன கிளீனிங் கம்பெனி நடத்துகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் புதுசு என்று சொல்லி கேஸ் மீட்டர் விற்றார்கள். மெமரியைத் திறந்தால் 2021லேயே பதிவான அளவுகள் இருக்கின்றன, ஒரு சென்சார் வேலையும் செய்யவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டைக் காட்டுகிறார்கள். (டர்பன்)

பதில்: தங்கச்சி, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த போர்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, பழுதான பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் கடையின் செலவிலேயே திருப்பலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை இல்லை. பழையதைப் புதுப்பித்து விற்றால் அதைத் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால், வாங்கிய சமயத்தில் அதன் சொத்து மதிப்போ ஆண்டு விற்பனையோ 20 லட்சம் ராண்டை எட்டியிருக்கக் கூடாது.

பணம்தான் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசாதீர்கள். பில், சீரியல் நம்பர், 2021 தேதி தெரிகிற திரையின் படம் மூன்றையும் இணையுங்கள். ‘கொண்டு வாருங்கள், சர்வீஸ் பண்ணித் தருகிறோம்’ என்று கூப்பிடுவார்கள். அந்த மெமரியை முழுதாகக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கும் வரை மீட்டரைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், அழித்துவிட்டால் உங்கள் சாட்சி போய்விடும். மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிப்பவர்) புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. அதுவரை அந்த மீட்டரை எந்த வேலைக்கும் எடுத்துப் போகாதீர்கள்.