கணினி மாதிரியைக் கட்டன் சாயாவில் தொடங்கலாம்

கேள்வி: உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்பில் கணினி மாதிரிகளை உருவாக்கக் கற்றுத்தர முடியுமா? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லையே?

முடியும். (கணினி மாதிரி என்றால், இயற்கையில் நடக்கும் ஒன்றைக் கணினியில் கணக்காகப் போட்டுப் பார்ப்பது.) தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முதல் ஆண்டு நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகளைத் திரையில் ஓடவிட்டேன். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் நிறங்கள்தான் நினைவில் இருந்தன. தளத்தின் மீது குறையில்லை. இயக்கியது நான், அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேலைதான்.

மறு ஆண்டு கட்டன் சாயாவில் தொடங்கினேன். (வெளிமாவட்டத்தாருக்கு: பால் சேர்க்காத தேநீர்.) அறை 30 டிகிரி, சாயா 90 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் 5 சதவீதம் நிமிடந்தோறும் குறைவதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 60, அதில் 5 சதவீதம் 3. முதல் நிமிட முடிவில் 87. அடுத்து 57-இல் 5 சதவீதம் போக 84.15. ஐந்து வரிகளைக் கையால் போடச் சொன்னேன். ஆறாவது வரி என்றதும் முனகல் எழுந்தது. எக்செல்லைத் திறக்க அதுதான் நல்ல நேரம். சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்தால் பத்தாம் நிமிடத்தில் ஏறத்தாழ 66 வருகிறது. நியூட்டனின் குளிர்தல் விதி என்ற பெயரை அதன் பிறகு சொன்னால் போதும். நுண்கணிதம் தேவையே இல்லை.

பிறகு உண்மையான சாயாவை அளந்தோம். திறந்த டம்ளரில் அது தொடக்கத்தில் கணக்கைவிட வேகமாக ஆறியது. சதவீதத்தை மாற்றிப் பார்த்தார்கள். தொடக்கம் பொருந்தினால் முடிவு பொருந்தவில்லை. "கணக்கு தவறு சார்" என்றான் ஒருவன். "ஆவி பறக்கிறதே, அதைக் கணக்கில் சேர்த்தோமா?" என்றாள் பின்வரிசைப் பெண். மூடி போட்டு அளந்தபோது ஒரே சதவீதம் கடைசி வரை ஏறத்தாழ ஒத்துவந்தது. பத்து ஆண்டுப் பணியில் ஆவியாதலை இவ்வளவு நன்றாக நான் நடத்தியதில்லை. அன்றும் நடத்தியது நான் அல்ல.

அடுத்து ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் 8 என்றால் 8×8×8) ஏற்ப மாறும். நாள் முழுவதும் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுவதும், பாதி நாள் 4, பாதி நாள் 12 என வீசுவதும் சராசரியில் ஒன்றுதான். ஆனால் மும்மடிகளின் சராசரி முன்னதற்கு 512, பின்னதற்கு 896. சராசரி வேகம் ஒன்றானாலும் காற்றின் திறன் ஒன்றல்ல. பலத்த காற்றிலும் காற்றாலை தன் உச்சத் திறனைத் தாண்டாது என்பதை மாதிரியில் சேர்ப்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

நேரம்? சாயாவுக்கு இரண்டு பாடவேளை. வழக்கமாக வரையறைகளை எழுதவைக்கும் நேரத்திலிருந்து எடுத்தேன். மூவருக்கு ஒரு கணினி போதும். வெப்பமானி மட்டும் ஆய்வகத்தில் உள்ளதாக இருக்கட்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும்.