வாசகர் கேள்வி: அறிவாளிக்குக் கூடுதல் வாக்கு வேண்டுமா?

கேள்வி: மருத்துவம் பார்க்கவும் விமானம் ஓட்டவும் தகுதித் தேர்வு வைக்கிறோம். ஆட்சியை நிர்ணயிக்கும் வாக்குக்கு மட்டும் வயதைத் தவிர வேறு தகுதி எதையும் கேட்பதில்லை. வேட்பாளரின் பெயரைக்கூட அறியாதவரின் வாக்கும், வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்தவரின் வாக்கும் ஒரே மதிப்புப் பெறுவது நியாயமா? நுண்ணறிவுச் சோதனை நடத்தி, மதிப்பெண்ணுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று வாக்குகளை அளித்தால் என்ன? இப்படி எந்த நாடாவது செய்து பார்த்திருக்கிறதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கல்வியையும் எழுத்தறிவையும் அளவுகோலாகக் கொண்டு பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன. இந்தக் கருத்துக்கு மிகவும் மதிப்புக்குரிய வழக்கறிஞராக ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைச் சொல்லலாம். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நாடாளுமன்றத்தில் வாதாடியவர் என்பதால், அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. எழுதப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் தெரிந்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் எவருக்கும் ஒரு வாக்கு உண்டு, அறிவில் மேம்பட்டவர்களுக்கு அதற்கு மேலும் உண்டு என்று 1861இல் அவர் எழுதினார். ஆனால் அந்த மேம்பாட்டை எப்படி அளப்பது? நம்பத்தகுந்த பொதுத்தேர்வு முறை இருந்தால் நேரடியாகச் சோதிக்கலாம், அது இல்லாத நிலையில் ஒருவர் செய்யும் தொழிலை வைத்து முடிவு செய்யலாம் என்றார். அதன்படி கூலித் தொழிலாளியைவிட முதலாளியும், சாதாரணத் தொழிலாளியைவிட மேற்பார்வையாளரும், அவர்களைவிட வங்கியாளரும் வணிகரும் அறிவில் கூடியவர்கள் ஆகிவிடுகிறார்கள். செல்வத்தின் பேரில் வாக்கைக் கூட்டக் கூடாது என்பதில் மில் உறுதியாக இருந்தார் என்பதையும், ஏழையும் தானே முன்வந்து தேர்வெழுதித் தன் தகுதியை நிறுவலாம் என்று ஒரு வாயில் வைத்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் அறிவைத் தேடிப் புறப்பட்ட அவ்வளவு கூர்மையான மனிதரே நான்கைந்து வரிகளுக்குள் முதலாளியிடம் போய் நின்றுவிட்டார்.

மில் எழுதியதைப் போன்ற ஒன்றைப் பெல்ஜியம் 1893இல் சட்டமாக்கியது. 25 வயது நிறைந்த ஆண்கள் அனைவருக்கும் ஒரு வாக்கு. வரி செலுத்தும் குடும்பத் தலைவருக்கும் சொத்துடையவருக்கும் கூடுதலாக ஒன்று. உயர்கல்விப் பட்டயம் பெற்றவருக்குக் கூடுதலாக இரண்டு. ஆனால் யாருக்கும் மூன்றுக்கு மேல் இல்லை. பட்டயம் பெற்றிருந்தாலும் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் நடந்த தேர்தலோடு இந்த ஏற்பாடு மறைந்தது. பிரிட்டனில் பட்டதாரிகள் தாம் வசிக்கும் தொகுதியில் ஒரு வாக்கும் பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு வாக்கும் அளித்து வந்தார்கள். அது 1950 வரை நீடித்தது.

இவையெல்லாம் ஓரளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தது வேறு. மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் புரிந்துகொண்டு விளக்கவோ தெரிந்தவருக்கே வாக்கு என்று மிசிசிப்பி 1890இல் விதித்தது. விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் அலுவலர். லூசியானா 1898இல் இன்னும் ஒரு படி மேலே போய், 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் இத்தகுதிகளிலிருந்து விலக்களித்தது. அந்த ஆண்டுக்கு முன் அங்கே கறுப்பினத்தவர் எவருக்கும் வாக்கு இல்லை என்பதால், விலக்கு யாருக்குக் கிடைத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1896இல் அம்மாநிலத்தில் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900இல் 5,320 பேர். 1960களில் அங்கே புழங்கிய ஒரு தேர்வுத்தாளில் 30 வினாக்களுக்கு 10 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் தோல்வி. முதல் வினாவே ‘இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றிக் கோடு வரைக’ என்பதுதான். எண்ணைச் சுற்ற வேண்டுமா, எழுத்தையா, எந்த எழுத்தை? சரியான விடை என்று ஒன்று இல்லாத வினாவில், தேறவேண்டியவர் யார் என்று அலுவலர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்தான் இத்தகைய தேர்வுகளுக்கு அம்மாநிலங்களில் முற்றுப்புள்ளி வைத்தது.

‘அது வஞ்சகம், நான் கேட்பது நேர்மையான தேர்வு’ என்று நீங்கள் சொல்லலாம். சரி, நேர்மையாகவே நடத்துவோம். நுண்ணறிவுச் சோதனையை 1905இல் பாரிசில் உருவாக்கிய ஆல்ஃபிரெட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியவே அதைச் செய்தார். மாறாத அறிவின் அளவாக அதைக் கொள்வதை அவர் ஏற்கவில்லை. மக்கள்தொகையின் சராசரி எப்போதும் 100 ஆக இருக்கும்படி அவ்வப்போது சரிசெய்யப்படும் அளவுகோல் அது. 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள் உயர்ந்துவந்ததை ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். சில தலைமுறைகளில் மனித மூளை மாறிவிடவில்லை. பள்ளிப்படிப்பும் ஊட்டமும் வாழ்க்கைச் சூழலுமே மாறின. ஆகவே மதிப்பெண்ணுக்கேற்ப வாக்கு என்றால், நல்ல பள்ளி வாய்த்தவருக்கு இரண்டாவது பரிசாக வாக்கையும் கொடுக்கிறோம். மோசமான பள்ளி வாய்த்தவரிடமிருந்து அந்தப் பள்ளியைச் சீர்செய்யக் கேட்கும் வலிமையையும் பறிக்கிறோம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அறிவு கூடியவர் அரசியலில் நடுநிலையோடு தீர்மானிப்பார் என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறிய அட்டவணையைப் பலரிடம் கொடுத்து அது எதைக் காட்டுகிறது என்று கேட்டார்கள். சிலருக்கு அது ஒரு தோல் களிம்பால் குணமடைந்தவர்களின் கணக்கு; வேறு சிலருக்கு அதே எண்கள் துப்பாக்கித் தடை விதித்த நகரங்களின் குற்றக் கணக்கு. எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் தவறான விடையும், விகிதம் கண்டு பார்த்தால் சரியான விடையும் வரும்படி அட்டவணை அமைக்கப்பட்டிருந்தது. களிம்பு என்றபோது கணக்கில் வல்லவர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும், விடை தம் கட்சி நிலைக்குப் பொருந்தினால் மட்டுமே அந்த வல்லமை வெளிப்பட்டது. இரு தரப்புக்கும் இடையிலான பிளவு கணக்கில் தேர்ந்தவர்களிடம் குறையவில்லை, கூடியது. வழக்கறிஞருக்கு வாதத்திறன் எப்படியோ அப்படித்தான் பலருக்கு அரசியலில் அறிவும்: கட்சிக்காரர் முன்பே முடிவாகிவிட்டார், திறமை அவருக்காக உழைக்கிறது.

இனி உங்கள் விமானிக்கு வருகிறேன். விமானியைத் தேர்வு வைத்தே எடுக்கவேண்டும். ஆனால் வாக்காளர் விமானியின் இருக்கையில் அமர்வதில்லை. ஒரு வீட்டைக் கட்டியவரைவிட அதில் குடியிருப்பவரே அதை நன்றாக மதிப்பிடுவார் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். சட்டத்தை எழுதுவதற்குப் புலமை வேண்டும். அந்தச் சட்டம் எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல அதன்கீழ் வாழ்ந்தாலே போதும், அதைச் சோதனையில் அதிக மதிப்பெண் பெற்றவர் மற்றவர்களுக்காகச் சொல்லிவிட முடியாது. உழைப்பாளியின் கூலியைத் தீர்மானிக்கும் அவையில் உழைப்பாளிக்குக் குறைந்த வாக்கு இருந்தால், அங்கே அமர்ந்திருப்பவர்கள் தீயவர்களாக இல்லாவிட்டாலும் அந்தக் கூலி அவர்களுக்குக் கடைசி அலுவலாகவே இருக்கும்.

வரலாற்றில் இதற்கு நேர்மாறான துணிச்சலும் ஒன்று உண்டு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைக் கொண்டே வாக்குரிமை தரப்பட்டது. 1951-52 பொதுத்தேர்தலில் அந்த வேலிகள் அனைத்தும் ஒருசேர நீக்கப்பட்டிருந்தபோது எழுத்தறிவு பெற்றவர்கள் 18 விழுக்காட்டினர் மட்டுமே. கட்சியின் பெயரைப் படிக்க முடியாதவர்களுக்காக வாக்குப்பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். படிக்கத் தெரியாததை வாக்காளரின் குற்றமாகக் கருதாமல், தேர்தலை நடத்துவோர் தீர்க்கவேண்டிய நடைமுறைச் சிக்கலாகக் கருதிய முடிவு அது.

கேள்வி: அப்படியானால் 18 வயது என்ற வரம்பும் ஒருவகை அறிவுத் தேர்வுதானே? பதினைந்து வயதில் மிகத் தெளிவாகச் சிந்திப்பவரை ஏன் தடுக்கிறீர்கள்?

பதில்: தடுப்பது தற்காலிகம், எல்லோரையும் சமமாகத் தடுக்கிறது, யாரும் பரிசோதிக்கப்படுவதில்லை. வயது வரம்பு எல்லோரும் கடந்து போகும் வாயில், மதிப்பெண் வரம்போ பலருக்கு ஒருபோதும் திறக்காது. எண் 18ஆகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆஸ்திரியா 2007இல் அதை 16 ஆக்கியது. அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களின் நிலையையும் இங்கே குறிப்பிடவேண்டும். நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் வாக்கிழந்திருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஸ்பெயின் 2018இல் அவ்வுரிமையைத் திருப்பியளித்தது. எல்லா விவகாரங்களிலும் காப்பாளரின் பொறுப்பில் இருப்பவர்களை விலக்கிய விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. உலகம் போகும் திசை முதல் கேள்வியாளர் விரும்பும் திசை அன்று.

கேள்வி: எல்லாம் சரி. ஆனால் வாக்காளர்களுக்கு விவரம் போதவில்லை என்பது உண்மைதானே? அதற்கு என்னதான் வழி?

பதில்: உண்மைதான், மறுக்கவில்லை. அது அறிவுக்குறைவு என்பதைவிடக் கணக்குப் பார்த்த அலட்சியம் என்பதே பொருந்தும் என்று பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1957இல் விளக்கினார்: கோடிக்கணக்கானவற்றில் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்னும்போது, அதற்காகப் பல நாள் படிப்பது யாருக்கும் இலாபமில்லை. பேராசிரியரும் தம் துறைக்கு வெளியே இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். ஆகவே விவரம் உள்ளவருக்கு வாக்கைக் கூட்டுவதைவிட, வாக்குள்ளவருக்கு விவரத்தையும் அதைப் படிக்க நேரத்தையும் தருவதே நேர்வழி என்பது என் எண்ணம்.

அயர்லாந்து 2016இல் அமைத்த குடிமக்கள் பேரவை இதற்கு நல்ல சான்று. எந்தத் தேர்வும் வைக்காமல், வயது, பாலினம், வட்டாரம் ஆகியவற்றில் நாட்டைப் பிரதிபலிக்கும்படி 99 சாதாரண மனிதர்களைத் தேர்ந்தெடுத்து, தலைவராக ஒரு நீதிபதியை அமர்த்தினார்கள். கருக்கலைப்புச் சட்டம் என்ற, அரசியல்வாதிகள் பல்லாண்டுகளாகத் தொடத் தயங்கிய பொருளை அவர்கள் ஐந்து வார இறுதிகள் எடுத்துக்கொண்டு, மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் இரு தரப்பு இயக்கத்தினரையும் விசாரித்து, தமக்குள் விவாதித்துத் தம் பரிந்துரையை அளித்தார்கள். அங்கே வல்லுநர்கள் பேசினார்கள், வாக்களித்தவர்கள் குடிமக்கள். பின்னர் 2018 மே மாதம் நாடு முழுவதும், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற வழக்கமான முறையிலேயே நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அரசியலமைப்பிலிருந்த தடையை நீக்க ஆதரவளித்தார்கள்.