பாகல் ஈக்கு மூன்று பெயர்கள்: எது செல்லுபடியாகும்?

கேள்வி: அவிசாவளையில் பாகலும் பீர்க்கும் செய்கை பண்ணுகிறேன். பிஞ்சைக் குத்தும் பழ ஈயை ஒரு பழைய கைந்நூல் 'டேக்கஸ் குக்கர்பிட்டே' என்கிறது. மற்றொன்று 'பாக்ட்ரோசெரா குக்கர்பிட்டே' என்கிறது. புதிய துண்டுப்பிரசுரத்தில் 'சூகோடாக்கஸ் குக்கர்பிட்டே' என்றிருக்கிறது. இவை மூன்று பூச்சிகளா? மாமரத்துக்கு வாங்கிய, மீதைல் யூஜினோல் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்த பொறியைப் பந்தலில் கட்டியும் சேதம் குறையவில்லை.

பதில்: ஐயா, மூன்றும் ஒரே ஈதான். 1899இல் கோக்கிலெட் என்பவர் ஹவாய்த் தீவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதை டேக்கஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். உறவுமுறை தெளிவாகத் தெளிவாகப் பேரினம் மாறியது, ஆனால் 'குக்கர்பிட்டே' என்ற இனப்பெயர் மாறவில்லை. இன்று பெரும்பாலோர் ஏற்பது சூகோடாக்கஸ். பெயருக்குப் பின்னால் 'கோக்கிலெட், 1899' என்பது அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்தில் இந்த இனம் இப்போது இல்லை என்று பொருள், அது அச்சுப்பிழையன்று.

குக்கர்பிட்டே என்றால் 'சுரைக்குரியது'. இந்த ஈ தக்காளியையும் குத்தும் என்பதற்காகப் பெயர் செல்லாமற் போகாது. செல்லுபடியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முந்துரிமையே, அதாவது முதலில் வைத்த பெயருக்கே உரிமை. நமது இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் கிடைத்த மாதிரிகளை வைத்து 2005இல் 'பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்', அதாவது 'படையெடுப்பது', என ஓர் ஈக்குப் பெயரிட்டார்கள். அது 1912இலேயே பெயரிடப்பட்ட 'டோர்சலிஸ்' தான் என்று 2015இல் முடிவானதும் மூத்த பெயரே நிலைத்தது. நம் ஊர் ஈக்குப் படையெடுப்பாளன் என்ற பட்டம் எனக்கு என்றுமே பொருத்தமாகப்பட்டதில்லை.

உங்கள் பொறி பயன்படாததும் எந்த இனம் என்று பிரித்தறியாததால்தான். மீதைல் யூஜினோலுக்கு வருவது மாங்காயைக் குத்தும் டோர்சலிஸின் ஆண் ஈ. பாகல் ஈயின் ஆண் கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப்பொருளுக்கே வரும். கைவில்லையால் முதுகைப் பாருங்கள்: இரு ஓரங்களிலும் மஞ்சட் கோடு இருந்து நடுவிலும் ஒன்று ஓடினால் அது பெரும்பாலும் குக்கர்பிட்டே, நடுக்கோடு இல்லையெனில் பெரும்பாலும் டோர்சலிஸ்.

கியூ லூரும் ஆண்களை மட்டுமே பிடிப்பதால், முட்டையிடும் பெண் ஈயிடமிருந்து காக்கப் பூ உதிர்ந்ததும் பிஞ்சுக்குக் கடதாசி உறை போடுங்கள். குத்துப்பட்ட காய்களைப் பந்தலுக்கு அடியில் விட்டால் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். அவற்றை அன்றன்றே பொறுக்கிப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.