தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் எப்படி உருவானது? குடும்பத்தோடு போனால் அரை மணி நேரம் போதுமா?

"அரை மணி நேரம்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். காலையில் பெரிய கோயில், மதியம் சாப்பாடு, நடுவில் கிடைக்கிற சந்தில் அரண்மனையையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

சரி, கேட்டதற்குப் பதில். தொடங்கியது 1951-ல். தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில் கேட்பாரில்லாமல் கிடந்த பிரம்மா சிலை ஒன்றை வெளியூருக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், ஜனங்கள் விடவில்லை. அப்போது கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் அதை அரண்மனைக்குக் கொண்டுவந்து வைத்தார். நாயக்கர் கட்டி மராத்தியர் ஆண்ட இடம், சிலை வைக்க இடத்துக்கா பஞ்சம். அப்புறம் மாவட்டம் முழுக்க வெயிலிலும் மழையிலும் கிடந்த கற்சிலைகளும், குழி தோண்டும்போது கிடைத்த செப்புத் திருமேனிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தாராசுரத்து யானை உரித்த சிவன் அப்படி வந்தவர்தான். திருவெண்காட்டுச் சாமி தஞ்சாவூரில் எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். இன்றைய நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம் ஐயா. அதே திருவெண்காட்டு அர்த்தநாரி சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விட்டார், அதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் திருவெண்காட்டுக்குப் பக்கம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சாமிகள் வெளிவந்தபோது அப்பாயி கல்யாணமாகி வந்த புதிது. ஊரே கிளம்பிப் போயிருக்கிறது, மாமியாரும் போயிருக்கிறார். வீட்டில் மாடு கன்று போட்டிருந்ததால் அப்பாயியை மட்டும் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். இந்தக் குறையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தபோது கண் புரைக்கு மருந்து வாங்க வந்தவளைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. திருவெண்காட்டு மண்ணிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், அவர் முன்னால் போய் நின்றாள். கோயில் கல்வெட்டின்படி 1011-ல், ராஜராஜன் காலத்தில் செய்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, அதில் பாம்புகள் நெளியும். ஒரு கை மட்டும் காளை மேல் சாய்ந்தாற்போல மடங்கி நிற்கும், ஆனால் காளை கிடையாது. அப்பாயி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"மாடு எங்கப்பா?"

"இங்க மாடு இல்லை பாட்டி, சாமி மட்டுந்தான்."

"எனக்கு மாட்டால பார்க்க முடியலை, இவரு மாடே இல்லாம நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு இடத்திலேயே ஒரு மணி நேரம் ஆகி, மாயவரம் பஸ்ஸை விட்டோம்.

கிழவி கதையை வைத்து வரலாறு பேசுகிறான் என்று வருவீர்கள். நான் ஆய்வாளன் என்று எங்கேயும் சொல்லவில்லை. சாமி கோயிலில்தான் இருக்கணும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, அப்பாயியும் கடைசிவரை அதையேதான் சொன்னாள். ஆனால் கோயிலில் பட்டும் மாலையும் சாத்தினால் முகம் மட்டும்தான் தெரியும். அந்தத் தலைப்பாகையையும் இடுப்பு ஒடிந்து நிற்கும் நிற்பையும் நான் பார்த்தது இங்கேதான்.

இப்போது என் வயிற்றெரிச்சல். வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, லீவும் என்னுடையது. கைகூப்பி நிற்கும் மராத்திய ராஜா சரபோஜியின் பளிங்குச் சிலையோடு, ஃப்ளாக்ஸ்மன் என்ற இங்கிலாந்துச் சிற்பி செதுக்கியது அது, நாலு படம் எடுத்துக்கொண்டு "ஓகே, அடுத்து?" என்பார்கள். சாப்பாட்டுக் காசையாவது ஒருத்தர் கொடுத்திருக்கலாம்.

நீங்கள் அப்படியில்லை என்று வைத்துக்கொள்கிறேன். குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். பிள்ளைகள் நச்சரித்தால் தரங்கம்பாடிக் கரையில் 1955-ல் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அரண்மனையில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். முக்கியமாக, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு போனால் ரிஷபவாகனரிடம் வரும்போது யாராவது ஒருவர் கிளம்பலாமா என்று ஆரம்பித்துவிடுவார்.