டிரையர் ஓடியும் கம்ப்ரஸர் காற்று லைனில் தண்ணீர் ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஏர் கம்ப்ரஸரை அடுத்து ஆஃப்டர்கூலர், டேங்க் இரண்டும் இருக்கின்றன. அப்புறம் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் எதற்கு?

பதில்: ஆஃப்டர்கூலர் காற்றின் சூட்டைத் தணிக்குமே தவிர உலர்த்தாது. அதைத் தாண்டிய காற்றில் நீராவி நிறைந்தே இருக்கும். குழாயில் இன்னும் கொஞ்சம் ஆறினால் தண்ணீராகிவிடும். ஒரு கன மீட்டரில் 35 டிகிரியில் சுமார் 40 கிராம் நீராவி தங்கும், 3 டிகிரியில் 6 கிராம்தான். டிரையர் காற்றை அந்த 3 டிகிரிவரை குளிர்வித்து, மிச்சத்தைத் தனக்குள்ளேயே தண்ணீராக்கி வெளியே தள்ளுகிறது.

கேள்வி: டிரையரிலிருந்து வெளியேறும் குழாய் சில்லென்று இல்லையே, கேஸ் (குளிர்பதன வாயு) தீர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். உலர்ந்த குளிர்காற்று வெளியேறும் வழியில், உள்ளே வரும் சூடான காற்றின் வெப்பத்தைத் தகடு வழியாக வாங்கிக்கொள்கிறது. குளிர்பதன கம்ப்ரஸருக்குச் சுமை குறையும், லைன் குழாயும் வெளியே வியர்க்காது.

கேள்வி: மைனஸ் 10 வைத்தால் இன்னும் நன்றாக உலருமே?

பதில்: பிரிந்த தண்ணீர் பனிக்கட்டியாகிக் காற்றின் வழியை அடைத்துவிடும். லோடு குறையும்போது அப்படி உறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் சூடான குளிர்பதன வாயுவைத் திருப்பிவிடும் ஹாட் கேஸ் பைபாஸ் வால்வு இருக்கிறது. மைனஸ் 40 தேவையென்றால் ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிகன்ட் டிரையர்தான். காற்றழுத்தத்தில் இயங்கும் சாதாரண நியூமேடிக் சிலிண்டர்களுக்கு 3 டிகிரி தாராளம்.

கேள்வி: டிஸ்ப்ளே 3 டிகிரி காட்டுகிறது, லைனிலோ தண்ணீர் கொட்டுகிறது. கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். குளிர்ச்சி சரியாக இருக்கும்போது கேஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. என் முதல் சந்தேகம், பிரிந்த தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வுதான். அது அடைத்துக்கொண்டால், பிரித்த தண்ணீர் போக இடமின்றிக் காற்றோடு லைனுக்கே திரும்பும். அந்த வால்வின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் அழுத்தத்தை இறக்கிவிட்டு ஸ்ட்ரெயினரை (வடிகட்டி) கழற்றுங்கள். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேதான் சேரும். காற்று டிரையருக்குள் போகாமல் சுற்றிப் போகும் பைபாஸ் லைன் திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான்.

கேள்வி: வெயில் காலத்தில் மட்டும் தொல்லை. பெரிய டிரையர் வாங்கலாமா?

பதில்: டிரையரின் கொள்ளளவைப் பெரும்பாலும் 7 பார் அழுத்தம், 35 டிகிரி உள்வரும் காற்று, 25 டிகிரி சுற்றுப்புறம் என்று வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். காற்று 45 டிகிரியில் நுழைந்தால் ஒரு கன மீட்டரில் சுமார் 65 கிராம் நீராவி வரும். அதே டிரையர் திணறாமல் என்ன செய்யும்? முதலில் ஆஃப்டர்கூலரையும் டிரையரின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் தூசி போகச் சுத்தம் செய்யுங்கள், அறையின் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தால், உங்கள் உண்மையான வெப்பநிலைக்குத் தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியைப் போட்டுக் கணக்கிட்டு வாங்குங்கள்.