திருப்பூர்த் தம்பிக்கு: மார்க் வரும் பாடமா, மகளுக்குப் பிடித்த பாடமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. கோபம் உங்கள் மேல் இல்லை. கம்பெனி மாற்றலில் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இன்னும் பெட்டியையே முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் குழப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று பேர் மேல்தான். மகளுக்கு சிபிஎஸ்இ பத்தாவதில் கணக்கிலும் சயன்ஸிலும் 95க்கு மேல். அவள் கேட்பதோ வரலாறும் ஆங்கில இலக்கியமும். இன்டர்நேஷனல் ஸ்கூலில் லண்டன் ஏ லெவல் (பிரிட்டிஷ் போர்டுகள் நடத்துகிற, நம் ப்ளஸ் டூ மாதிரியான படிப்பு) சேர்க்கப் போகிறீர்கள், மார்க் வருவதை எடுக்கச் சொல்லவா, பிடித்ததை எடுக்கச் சொல்லவா என்பது கேள்வி. கூடவே விசா, வாடகை, சாப்பாட்டுச் செலவு. விசாவை உங்கள் கம்பெனி எச்ஆர் பார்த்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் இருக்கிற ஊரில் என்ன கவலை. பாடத்துக்கு வருகிறேன்.

நான் திருச்சிக்காரி. 2001இல் வந்தேன், கட்டுநாயக்க விமான நிலையத்தைப் புலிகள் தாக்கிய அதே வருடம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று போலீசில் பதிய வேண்டும், மணிக்கணக்கில் மின்வெட்டு, காலி வீதி (Galle Road) செக்பாயின்டில் தமிழ் பேசுகிற பெண் இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினால் அந்தப் பையன் அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்ப்பான். கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருப்பேன். அந்த நிலைமையில் ஸ்கூல் பற்றி யாரிடம் கேட்பது? கேட்டது எல்லாம் கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சரம்மாவிடம். அவர் சொன்னது பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதி என் பிள்ளைக்குப் பொருந்தாதது என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போது நடப்பதும் அதேதான்.

ஏனென்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் "மெத்ஸ் செய்யுங்கோ, இல்லாட்டி பயோ செய்யுங்கோ" என்று சொல்வது அவர்களுடைய பரீட்சையை மனதில் வைத்து. உள்ளூர் உயர்தரத்தில் (இலங்கை அரசு நடத்துகிற ஏ லெவல்) மூன்றே பாடம், அதையும் ஒரு பிரிவுக்குள்தான் எடுக்கலாம். மெத்ஸ் என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பயோ எடுத்தால் பொதுவாகக் கணக்கு கிடையாது. மார்க்கை அப்படியே பார்க்க மாட்டார்கள், 2001இலிருந்து இசட் புள்ளிதான், அதாவது அந்தப் பாடத்தை எழுதிய மற்றவர்களைவிட நீ எவ்வளவு மேலே என்கிற கணக்கு. அதற்கு மேல் மாவட்டக் கோட்டா. பெரும்பாலான படிப்புகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்தில் நிற்கும். இத்தனைக்கு நடுவில் கொம்பஸ், அதாவது அரசுப் பல்கலைக்கழக இடம், கிடைத்தால் படிப்பு இலவசம். எழுபதுகளில் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழகம் நுழையத் தமிழ்ப் பிள்ளைகளிடம் அதிக மார்க் கேட்ட முறை, வந்தபோது அடிபட்ட குடும்பங்கள் வேறு. அவர்கள் டாக்டர், இன்ஜினியர் என்று பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகள் எழுதப்போவது அந்தப் பரீட்சை இல்லை. இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு டீயைக் கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

நம்மூர்க்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு. நம்மிடம் பாடத்தைப் பிள்ளை தேர்ந்தெடுத்ததே இல்லை, மார்க்தான் தேர்ந்தெடுக்கும். பத்தாவதில் 450க்கு மேல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் காமர்ஸ், இன்னும் குறைந்தால் ஹெட்மாஸ்டர் முகத்தையே பார்க்காமல் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுப்பார். என் காலத்தில் காமர்ஸ் வேண்டும் என்று கேட்ட பெண்ணை "நல்ல மார்க் வாங்கிட்டு ஏம்மா வீணாப் போற" என்று ஆபீஸ் ரூமிலேயே திட்டினார்கள். கொழும்புக்கு வந்த நம்மாட்கள் அந்த ஹெட்மாஸ்டரை மனதிலேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதிலும் மூன்று வருட காண்ட்ராக்டில் வருகிற சிலர் இருக்கிறார்களே, இங்கே ஒரு கால், சென்னையில் ஒரு கால். சிங்களத்தில் விலை கேட்கக்கூடக் கற்றுக்கொள்ள மாட்டார்கள், சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடி எல்லோருக்கும் பாடம் சொல்வார்கள். உங்களுக்குச் சொன்ன மூன்று பேரில் ஒருவராவது அந்தக் கூட்டம்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, 95 விஷயம். சிபிஎஸ்இ பத்தாவதில் சயன்ஸ் ஒரே தாள், மூன்றும் கலந்தது. அதில் 95 வாங்கியவள் ஒழுங்காகப் படிப்பவள் என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஏ லெவல் இயற்பியல் அவளுக்கு வரும் என்று அந்த மார்க் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அதேபோல வரலாறு பிடிக்கும் என்பதும் அரைகுறைத் தகவல். எந்த வரலாறு? அவள் தண்டி யாத்திரையை ரசித்துப் படித்திருப்பாள். கேம்பிரிட்ஜ் போர்டின் ஏஎஸ் (ஏ லெவலின் முதல் பாதி) வரலாற்றில் பெரும்பாலும் பிரெஞ்சுப் புரட்சி, பிஸ்மார்க், ஜெர்மனி ஒன்றானது, இல்லையென்றால் அமெரிக்க உள்நாட்டுப் போர். பழைய ஆவணங்களைக் கொடுத்து எது எதோடு முரண்படுகிறது என்று எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்து கொட்டினால் பாதி மார்க்கூட வராது, நேரத்துக்குள் வாதாடி எழுத வேண்டும். இலக்கியமும் அப்படித்தான், முன்பின் பார்க்காத கவிதையைக் கொடுத்து எழுது என்பார்கள். பழைய தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒரு வாரம் அவளிடம் கொடுத்துப் பாருங்கள். கணக்குத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் சொல்லாமலே எதை எடுத்து உட்காருகிறாள் என்று கவனித்தால் போதும், கவுன்சலருக்குக் காசு மிச்சம்.

இன்னொன்று, பிடித்தது பாடமா டீச்சரா என்று பிரித்துப் பாருங்கள். என் மகளுக்கு உயிரியல் என்றால் உயிர். ஏஎஸ் முதல் டெர்ம் முடிந்ததும் அந்த மிஸ் ஆஸ்திரேலியா போய்விட்டார், அவரோடு உயிரியலும் போய்விட்டது. ஏஎஸ்ஸோடு நிறுத்திவிட்டு வேறு பாடத்துக்கு மாறினாள், இந்த முறையில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அது 2022. டாலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய வருடம். பரீட்சைக் கட்டணம் ஸ்டெர்லிங்கில் நிர்ணயிப்பது, ஒவ்வொரு தாளுக்கும் நாங்கள் கட்டிய ரூபாயை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதனால்தான் "பாதுகாப்புக்கு நாலாவது பாடமும் எடுத்து வையுங்கள்" என்று ஸ்கூலில் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று பாடத்தைத்தான் கேட்கின்றன.

ஸ்கூல் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன், என் பெரிய புகார் இதுதான். ப்ரோஷரில் பதினைந்து பாடம் போடுவார்கள். உள்ளே போனால் வரலாறும் இயற்பியலும் ஒரே நேரத்தில் டைம்டேபிளில், ஏதாவது ஒன்றுதான். என் மகனுக்குப் புவியியல் பைத்தியம். சேர்க்கும்போது தாராளமாக எடுக்கலாம் என்றார்கள், முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து போனால் டீச்சர் மாலைதீவில், "பிள்ளைகள் குறைவு, நீங்கள் பிசினஸ் ஸ்டடீஸ் எடுக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே ஒரு ஃபார்மை நீட்டினார்கள். அவன் மாறவில்லை. பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகத் தனியாகப் பதிந்து, ஒரு ரிட்டயர்ட் சேரிடம் (வாத்தியாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) படித்து எழுதினான். மழை நாளில் நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாணந்துறைப் பக்கம் போய் வருவான், முழங்கால் வரை நனைந்த காற்சட்டையோடு மாலு பாண் என்கிற மீன் பன்னைத் தின்றபடி மழைவீழ்ச்சி வரைபடம் வரைவான். இப்போது மெல்பர்னில் நகரத் திட்டமிடல் வேலை. அதே பில்டிங்கில் மெத்ஸ் எடுத்த பையன்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே சேர்க்கும் முன் கேளுங்கள்: போன வருடம் வரலாறு எத்தனை பேர் எழுதினார்கள், டீச்சர் நிரந்தரமா, பாதியில் போனால் கட்டணத்தைத் திருப்புவீர்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். சயன்ஸ் பக்கம் போனால் எந்த போர்டு என்றும் கேளுங்கள். கேம்பிரிட்ஜில் லேபில் நின்று செய்முறைப் பரீட்சை செய்தே ஆக வேண்டும், இன்னொரு போர்டான எடெக்ஸெலில் செய்முறையையும் எழுத்துத் தாளாகவே வைக்கிறார்கள். லேப் பெயருக்கு மட்டும் இருக்கிற ஸ்கூல் எதை விரும்பும் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். டியூஷன் சேரின் பேரைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே ஒரு நோய். நுகேகொடைப் பக்கம் போய்ப் பாருங்கள், சேர்களின் படம் தேர்தல் போஸ்டர் மாதிரி ஒட்டியிருக்கும்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. அவள் டிகிரி எங்கே படிக்கப் போகிறாள்? ஊருக்குத்தான் என்றால், நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். நம்மூர் இன்ஜினியரிங் கட்ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. வரலாறும் இலக்கியமும் எடுத்தால் அந்தக் கதவுகள் மூடும், மூடியபின் தட்டிப் பிரயோஜனம் இல்லை. வளைகுடாவில் வேலை செய்கிற நம்மாட்களின் பிள்ளைகளுக்கு என்ஐடிகளில் தனிச் சலுகை இருக்கிறது. கொழும்பில் இருக்கும் நமக்குக் கிடையாது, நாமும் கடல் தாண்டித்தான் வந்திருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. சட்டம் என்றால் க்ளாட் நுழைவுத் தேர்வுக்கு என்ன பாடம் எடுத்தாய் என்று கேட்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸுக்குக் கணக்கு வேண்டும், பிரிட்டனின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் அப்படியே. எதற்குப் போனாலும் ஏ லெவலை ப்ளஸ் டூவுக்குச் சமம் என்று காட்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தில் சான்று வாங்க வேண்டியிருக்கும், அந்த விதிகளைப் பாடம் முடிவு செய்யும் முன்னரே படித்துவிடுங்கள்.

டாக்டர் ஆசை அவளுக்கு இருக்கிறதா, உங்களுக்கு இருக்கிறதா? உங்களுக்கு என்றால் அதை இப்போதே அவளிடம் வாய் திறந்து சொல்லி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிடுங்கள். அவளுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை என்றால் என்னைக் கேட்டால் கணக்கு, வரலாறு, இலக்கியம். கணக்கை மட்டும் விடவேண்டாம். மார்க்கும் வருகிறது, பின்னால் மனசு மாறினாலும் பொருளாதாரம், அக்கவுண்ட்ஸ் என்று திரும்ப இடம் இருக்கும். இங்கே ஏ லெவல் முடித்த கையோடு சீமா, ஏசிசிஏ என்று கணக்கியல் தொழில் படிப்புகளுக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கும் தெரிந்தால் அதைவிட என்ன வேண்டும். பழைய தாளை நீட்டியபோது வரலாற்றைப் பார்த்து அவள் முகம் சுளித்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள், வேறு பேசலாம்.

வாடகை கேட்டீர்கள். காலி வீதிக்குக் கடல் பக்கம் பார்க்க அழகு, ஆனால் உப்புக் காற்றில் ஏசி முதல் ஜன்னல் கொக்கி வரை துருப்பிடிக்கும், ரயில் சத்தமும் உண்டு. மேட்டுப் பக்கம் பாருங்கள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா வீட்டுக்கும் சேர்த்தா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.