கோடியக்கரையில் பூநாரை எங்கே?

கேள்வி: போன மே மாதம் பிள்ளைகளோடு கோடியக்கரை போயிருந்தோம். வெளிமான் கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். ஆனால் பறவைகள் சரணாலயம் என்று பெயர், ஒரு பூநாரைகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் அழிந்துவிட்டனவா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லைம்மா, அழியவில்லை. நீங்கள் போன மாதம்தான் தப்பு. வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை மே மாதத்துக்குள் கிளம்பிவிடும். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு கூட்டம் கூடும், மார்கழி, தை மாதங்களில் போனால் நன்றாகப் பார்க்கலாம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் வேதாரண்யம் சதுப்புக்கு வருகிற கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவை இருக்கிறதே, அதன் எடை 25 கிராம் அளவுதான். அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

மாதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும். மழை அதிகமாகி ஆழம் கூடினால் குட்டைக்கால் உள்ளான்களால் நின்று மேய முடியாது, மழை பொய்த்தால் உப்பு ஏறி இரையே குறைந்துவிடும். அதனால் கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் பறவை இறங்கியிருக்கிறது என்று அங்கே சொல்வார்கள்.

பூநாரை மேய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் விட்டு, சல்லடைபோல இரையை வடிகட்டும். அந்த இளஞ்சிவப்பு நிறமே அது தின்னும் பாசியிலிருந்தும் சின்னஞ்சிறு இறால்களிலிருந்தும் வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால் வேறு பறவை என்று நினைக்க வேண்டாம், அது இளம் பூநாரை. ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள், போட்டோவுக்காக மட்டும் கிட்டே போகவே போகாதீர்கள். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அது மேய வேண்டிய நேரம் போகிறது, பங்குனியில் ஊர் திரும்பக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய உடம்பு அது.

கேள்வி: அங்கே திரியும் குதிரைகளுக்குப் பிள்ளைகள் பிஸ்கட் கொடுத்தார்கள். தவறா?
- அதே வாசகி

பதில்: தவறுதான். ஒரு காலத்தில் வீட்டுக் குதிரைகளாக இருந்து காட்டோடு போனவற்றின் வாரிசுகள் அவை. வெளிமான் மேயும் அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. அந்தப் புல்வெளியையும் சீமைக்கருவேலம் தின்றுகொண்டு வருகிறது. பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் குதிரை சாலைக்கு வந்து நிற்கும், வண்டியில் அடிபடும். அடுத்த முறை பையிலிருந்து பிஸ்கட்டை வெளியே எடுக்காமலே வந்துவிடுங்கள்.